சாமி பேர்ல இருக்கிற நகர்

யாரும்மா போன்ல, வீட்டுக்காரரா? அதான் பார்த்தேன். திலீபா சாப்பிட்டியா, திலீபா மாத்திரை போட்டியான்னு பஸ் கிளம்பினதுலேர்ந்து எத்தனை திலீபா. கோச்சுக்காத, தப்பா சொல்லல. தாலிக் கயிறு இன்னும் மஞ்சள் மாறல, புதுசுதானே? நல்லா இரு. இந்தக் காலத்துப் பொண்ணுங்க பேர் சொல்லித்தான் கூப்பிடுறீங்க, அதுல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. எங்க காலம் வேற. அந்தக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் சாத்து, புழுதி வருது.

நான் போலீஸ். ஆமா, புடவைல பார்த்தா யாரும் நம்ப மாட்டாங்க. அமுதவல்லின்னு பேரு. ஆனா அந்தப் பேரு சர்டிபிகேட்டுல மட்டும்தான் இருக்குது. டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் நான் ஏட்டம்மா. இப்ப கருங்காலிப்பட்டு ஸ்டேஷன்ல டூட்டி சேரப் போறேன். அங்க ஸ்டேஷன் இருக்குதான்னு கேக்கறியா? ஆர்டர் கைக்கு வந்தப்ப நானும் அதைத்தான் கேட்டேன். ஆடு காணாம போகும், வரப்புத் தகராறு வரும், அதை விட்டா வேப்பமரமும் காக்காவும். மாவட்டத்தையே மைக்ல வச்சு ஓட்டினவளைக் கொண்டுபோய் அங்க போட்டிருக்காங்க. அப்பீல் போட்டிருக்கேன். என் மைக்கை எனக்குத் திருப்பிக் குடுத்தாகணும். அதுக்காக மெட்ராஸ் வரைக்கும் போவேன், விட மாட்டேன்.

கன்ட்ரோல் ரூம் தெரியுமில்ல? நூறு போட்டா எடுப்பாங்களே, அது. எஸ்.பி. ஆபீஸ் மாடியில ஒரு ரூம். நாலு போன், ஒரு மைக்கு, செவுத்துல மாவட்ட மேப்பு, எப்பவும் ஓடற ஏ.சி., எப்பவும் ஓடாத ஃபேன். ஜனங்க என்ன நினைக்கறாங்கன்னா, போலீஸுன்னா தடியும் ஜீப்பும்தான்னு நினைக்கறாங்க. அந்த ஜீப்பு எங்க போகணும்னு ஒருத்தி சொல்லணுமே. அந்த ஒருத்தி நான்.

என்னென்ன போன் வரும்ன்ற. பாம்பு வந்துடுச்சும்பாங்க. கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு ஒரு அம்மா கத்தும், ஃபயர் சர்வீஸ்காரன் வர்ற வரைக்கும் நான் அந்தம்மாகிட்ட பேசிக்கிட்டே இருப்பேன், உங்களுக்கு எத்தனை பசங்க, இன்னிக்கு என்ன குழம்புன்னு. பயத்துல இருக்கிறவங்களுக்குப் பக்கத்துல ஒரு குரல் வேணும். பரீட்சை நேரத்துல ஸ்பீக்கர் போடறான்னு புள்ளைங்க பண்ணும். பொண்டாட்டி சமைக்கலைன்னு ஒருத்தன் பண்ணுவான், அவனுக்கும் பதில் சொல்லணும். ஒரு பெரியவரு, பையன் துபாய்ல, தினம் காலைல போன் பண்ணி "என்னம்மா, எல்லாம் நல்லா இருக்கா?"ன்னு கேப்பாரு. நாங்க அவரைக் கேக்கணும், அவரு எங்களைக் கேப்பாரு. மத்தவங்க சிடுசிடுன்னு வச்சுடுவாங்க. நான் வைக்க மாட்டேன். ஒருநாள் அவர்கிட்டேர்ந்து போன் வரல. எனக்கு மனசு கேக்கல, வண்டி அனுப்பினேன். மாடிப்படியில விழுந்து கெடந்தாரு மனுஷன். பொழைச்சுக்கிட்டாரு. அவரு பையன் லீவுல வந்தப்ப நேர்ல வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதான்.

அப்படி வேலை பார்த்தவ நான். குரலை வச்சே சொல்லிடுவேன், இது நெஜமா விளையாட்டா, குடிச்சிருக்கானா பயந்திருக்கானான்னு. எஸ்.பி. ஐயாவே ஒருதரம் மீட்டிங்ல சொன்னாரு, ஏட்டம்மா காதுதான் இந்த மாவட்டத்துக்குக் காதுன்னு.

டவுனுக்குள்ள ரோந்து வண்டி ஒண்ணு. அதுல ஒரு டிரைவர். அவரு பேரு... எங்க வீட்டுக்காரங்க பேருதான் அவருக்கும். முருகன் மலைப் பேரு. ஆறுபடை வீட்ல ஒண்ணு. இப்ப மைக்ல நான் அவரை எப்படிக் கூப்பிடறது? டிபார்ட்மென்ட்டே கேட்டுட்டு இருக்குது. அதனால தண்டபாணின்னு வச்சேன். "தண்டபாணி, தண்டபாணி, கன்ட்ரோல்"ம்பேன். "சொல்லுங்க ஏட்டம்மா"ன்னு வரும். மத்த வண்டிக்காரங்க எல்லாம் சிரிப்பாங்க. அந்தத் தண்டபாணியும் லேசுப்பட்ட ஆள் இல்ல. வேலை இல்லாத நேரத்துல மைக்ல வந்து, "ஏட்டம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு என்னா? ஒரே ஒரு தடவை சொல்லுங்க, நான் தேவர் சிலையில நின்னு தேங்கா உடைக்கிறேன்"னு வம்பு பண்ணுவாரு. நானும் சிரிச்சுக்குவேன்.

நம்பிக்கையான்னு கேக்காத. வீட்டுக்காரங்க பேரை வாயால சொன்னா அவங்க ஆயுசு குறையும்னு எங்க அம்மா சொல்லும். நான் படிச்சவ, அதெல்லாம் நம்பறவ இல்ல. வாய் வராது, அவ்வளவுதான். அது ஒரு மரியாதை. அந்த மலைக் கோயிலுக்குக்கூட வருஷா வருஷம் போறோம், கண்டக்டர்கிட்ட அவங்கதான் டிக்கெட் கேப்பாங்க. சரி, அது வேற கதை. உனக்கு அதெல்லாம் எதுக்கு.

ஆடி மாசம். அம்மனுக்குத் தேர். டவுனுக்கு வெளியே இருக்கிற வண்டியெல்லாம்கூட தேருக்குன்னு இழுத்துட்டாங்க. எனக்கு மிச்சம் தண்டபாணி வண்டி ஒண்ணுதான். சாப்பாடு முடிஞ்ச நேரம், வெயில் கொளுத்துது, கூட இருந்த போலீஸ்காரர் கைகழுவப் போயிருக்காரு. போன் அடிக்குது.

"மேடம், எங்க வீட்ல... எங்க வீட்ல அரிவாள் எடுத்துட்டாங்க."

குரல் ரொம்ப மெதுவா வருது. மெதுவா வந்தா நெஜம்னு அர்த்தம். கத்தறவங்களுக்குக்கூட நேரம் இருக்குது, மெதுவாப் பேசறவங்களுக்கு இல்ல. எங்க வீட்லன்னா புருஷன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரணுமா? எங்க ரூமுக்குப் புதுசா வந்த ஒருத்தன், இதே மாதிரி ஒரு பொம்பளை "எங்க வீட்ல அடிக்கறாங்க"ன்னு சொன்னதுக்கு "எத்தனை பேரும்மா வந்திருக்காங்க"ன்னு கேட்டு, ரௌடிக் கும்பல்னு நினைச்சு ரெண்டு ஜீப்பை அனுப்பிட்டான். போய்ப் பார்த்தா ஒத்தை ஆளு, வாயைத் தொறந்துட்டுத் தூங்கறான். அதுக்குத்தான் சொல்றது, அந்த நாற்காலியில ஒரு பொம்பளை வேணும்னு.

"உன் பேரென்னம்மா?"

"ரேணுகா மேடம்."

"எங்க இருக்கே இப்ப?"

"பாத்ரூம்ல. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன்."

"நல்ல வேலை பண்ணினே. வெளிய வராத. எந்த ஏரியா?"

மூச்சு மட்டும் கேக்குது. "ஏரியா பேரைச் சொல்லும்மா"ன்றேன்.

"சாமி பேர்ல இருக்கிற நகர் மேடம்."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. நம்ம டவுன்ல சாமி பேர் இல்லாத நகர் எது? பிளாட் போடறவன் எல்லாம் சாமி பேர்லதான் போடறான். "எந்தச் சாமி?"ன்னேன்.

"திருப்பதி சாமி மேடம்."

"பெருமாள் நகரா?"

"ஆங்... அந்தச் சாமிதான் மேடம். ரைஸ் மில்லுக்குப் பின்னாடி. சீக்கிரம் மேடம்."

கேட்டுக்கிட்டியா? ஆங்ன்னுச்சு. நான் கேட்டேன், அது ஆங்ன்னுச்சு. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோ, பின்னாடி வரும்.

இப்ப மாதிரி போன் எங்கேர்ந்து வருதுன்னு மேப்ல காட்டற மிஷினெல்லாம் அப்ப எங்க ரூமுக்கு வரல. ஜனங்க சொல்றதுதான் கணக்கு. வீட்டுக்காரர் பேர் கேட்டியான்னா, கேக்கல. நான் பொம்பளைங்ககிட்ட அதைக் கேக்கறதே இல்ல. ஆம்பளைப் போலீசு கேப்பான், "புருஷன் பேரென்ன, புருஷன் பேரென்ன"ன்னு அதட்டுவான், அது முழிக்கும், பக்கத்துல யாராவது இருந்தா சொல்லச் சொல்லும், நேரம்தான் வீணாப் போகும். உயிருக்குப் பயந்து போன் பண்ற பொண்ணை அதுல வேற சங்கடப்படுத்தணுமா? கேக்காம விடறது நான் செய்ற மரியாதை. எத்தனையோ பொம்பளைங்க அதுக்காகவே என்கிட்ட தைரியமாப் பேசியிருக்காங்க.

மைக்கை எடுத்தேன். "தண்டபாணி, பெருமாள் நகர், ரைஸ் மில் பின்னாடி, ரேணுகான்னு ஒரு பொண்ணு, ஃபேமிலி தகராறு, ஆயுதம் இருக்குது, உடனே போ." உடனே கிளம்பிட்டாரு. அதுல ஒண்ணும் குறை சொல்றதுக்கில்ல. தேர்க் கூட்டத்துல புகுந்து, ஒருவழிப் பாதையில எதிர்த்தாப்பல போய், எப்படியோ போய்ச் சேர்ந்துட்டாரு.

"ஏட்டம்மா, பெருமாள் நகர்ல நிக்கறேன். ரைஸ் மில் பின்னாடி. ஒரு சத்தமும் இல்லையே. நாலு வீடுதான் இருக்குது, நாலுலயும் விசாரிச்சுட்டேன், ரேணுகான்னு யாரும் இல்லன்றாங்க."

"நல்லாத் தேடு. பாத்ரூம்ல இருக்குது அந்தப் பொண்ணு."

அப்புறம் கேக்கறாரு, "ஏட்டம்மா, அந்தப் பொண்ணு வீட்டுக்காரர் பேரு என்னா? கேட்டீங்களா?"

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. அங்க ஒரு பொண்ணு உயிரைப் புடிச்சுட்டு உக்காந்திருக்குது, இந்த நேரத்துல இந்த ஆளு தன்னோட கிண்டலை ஆரம்பிக்கறாரேன்னு. தினம் என்னைக் கேக்கற கேள்விதானே அது? அதே வார்த்தை, வீட்டுக்காரர் பேரு என்னா. "தண்டபாணி, விளையாடற நேரமா இது? சொன்ன இடத்துல தேடு"ன்னு கத்திட்டேன். அவரு "அதுக்கில்ல ஏட்டம்மா, இந்தச் சாமி பேர்ல இன்னொரு..."ன்னு என்னவோ இழுத்தாரு. நான் மைக்கை வச்சுட்டேன்.

அந்தப் பொண்ணுக்கு நானே போன் போட்டேன். அதுவே என் வேலை இல்ல, பார்த்துக்கோ. வண்டியை அனுப்பினதோட என் வேலை முடிஞ்சுது. ஆனா நான் அப்படி விடற ஆளு இல்ல.

"ரேணுகா, வண்டி வந்துடுச்சும்மா. உன் தெருவுலதான் நிக்குது."

"வந்துட்டாங்களா மேடம்? சத்தமே கேக்கலையே."

"சைரன் போடல. வெளிய வந்து கையைக் காட்டு. அவங்களுக்கு வீடு தெரியல."

"அவங்க கூடத்துலதான் இருக்காங்க மேடம்." புருஷனைச் சொல்லுது.

"போலீஸ் வாசல்ல நிக்கும்போது ஒண்ணும் பண்ண மாட்டான். பயப்படாத. போனை வைக்காத, நான் லைன்லயே இருக்கேன். வா."

இது நாங்க எல்லாருக்கும் சொல்றதுதான். வெளிய வந்து கையைக் காட்டுங்க, வண்டிக்கு வீடு தெரியல. ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் அதனால செத்ததில்ல.

தாழ்ப்பாள் தொறக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பழைய தாழ்ப்பாள் போல, இழுத்து இழுத்துத் தொறந்துச்சு. நடக்குது. கதவு சாத்தியிருக்குது போல, அதுவும் தொறக்குது. வெளிச் சத்தம் வருது, எங்கயோ கோழி கத்துது. "மேடம், யாரையும் காணலியே"ன்னுச்சு. அப்புறம் என்கிட்ட பேசல. "ஏங்க. வேணாங்க. ஏங்க"ன்னுச்சு. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் எனக்கு ரொம்ப நாள் சோறு இறங்கல. நெஜமாத்தான் சொல்றேன். எங்க வீட்ல பாத்ரூம் தாழ்ப்பாளை அவங்ககிட்ட சொல்லி எண்ணெய் போட வச்சேன், அந்தச் சத்தமே கேக்கக் கூடாதுன்னு. நான் ஒண்ணும் கல்லு இல்ல. ஒண்ணு சொல்லணும், நல்ல பொண்ணு அது. கடைசி வரைக்கும் ங்க போட்டுத்தான் பேசிச்சு.

தண்டபாணி நான் மைக்கை வச்சதும் பெருமாள் நகரை விட்டுட்டாரு. என்னைக் கேக்கல, அவர் இஷ்டத்துக்கு வண்டியைத் திருப்பிட்டாரு. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், டவுனோட இன்னொரு கோடி. ஏழுமலை நகர். அங்கயும் ஒரு ரைஸ் மில் இருக்குது, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம். அவரு போய்ச் சேர்றப்ப வாசல்ல ஜனம் நிக்குது. அந்தப் பொண்ணு வாசப்படியிலயே கெடக்குது, போன் கையில. அந்தாளு உள்ள உக்காந்து பூச்சி மருந்தைக் குடிச்சிட்டு நுரை தள்ளிட்டு இருந்திருக்கான். அவன் பேரு ஏழுமலை. மினி லாரி ஓட்டறவன். நகர் பேரும் ஏழுமலை, அவன் பேரும் ஏழுமலை.

இப்பப் புரியுதா? அந்தப் பொண்ணு புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன்னு இருந்திருக்குது. ஊர்ப் பேரே ஆனாலும் சொல்ல மாட்டேன்னு இருந்திருக்குது. தலைக்கு மேல அரிவாள் நிக்குது, சாமி பேர்ல இருக்கிற நகர், திருப்பதி சாமின்னு சுத்திச் சுத்திப் பேசியிருக்குது. அக்கம்பக்கத்துல விசாரிச்சப்ப சொன்னாங்க, ரேஷன் கடையில அட்ரஸ் கேட்டாக்கூட "பெருமாள் பேரு நகர்"னுதான் சொல்லுமாம், கடைக்காரனே எழுதிக்குவானாம். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைகூட அவன் நல்லா இருக்கணும்னு அம்மனுக்குக் கூழ் ஊத்திச்சாம்.

எனக்கு எவ்வளவு ஆத்திரமா இருந்துச்சுன்ற. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்கு உன்னை மாதிரி எங்கயாவது பஸ்ல போயிட்டிருக்கும். ஏழுமலை. இதோ நான் சொல்றேனே, ஏழுமலை, ஏழுமலை, ஏழுமலை. நாக்கு வெந்தா போச்சு? எனக்கு வர்ற வார்த்தை அதுக்கு ஏன் வரல? உயிர் போற நேரத்துலயா மரியாதை பார்க்கறது? படிக்காத பொண்ணுங்ககிட்ட இதான் பிரச்சனை. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்குதாம், என்ன படிச்சுதோ.

அவன் பொழைச்சுக்கிட்டான். அதையும் சொல்லிடறேன். தண்டபாணிதான் அவனைத் தூக்கிட்டுப் போய் ஜி.எச்.ல போட்டாரு, குடல் கழுவிப் பொழைக்க வச்சுட்டாங்க. போன தடவை கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்ப பார்த்தேன். கன்னம் உப்பி நல்லாத்தான் இருக்கான். கெட்டி ஆயுசு.

பொண்ணோட அண்ணன் பேப்பர்ல குடுத்துட்டான், போலீசு தப்பான இடத்துக்குப் போச்சுன்னு. விசாரணை போட்டாங்க. வெளி சப்-டிவிஷன்லேர்ந்து ஒரு டி.எஸ்.பி. ஐயா வந்தாரு. நல்ல மனுஷன்னுதான் சொன்னாங்க, அமைதியானவரு. நாங்க போன்ல பேசினது பதிவான டேப்பைப் போட்டாரு. நான் என்ன சொன்னேன்? அந்தப் பொண்ணு பெருமாள் நகர்னு சொல்லிச்சுன்னேன். அவரு திருப்பிப் போட்டாரு. மறுபடி திருப்பிப் போட்டாரு. "பெருமாள் நகர்ங்கிற வார்த்தையை முதல்ல சொன்னது யாரும்மா?"ன்னாரு. நான்தான். ஒத்துக்கறேன். ஆனா அது ஆங்ன்னுச்சே? ஆங்ன்னா சம்மதம்தானே? பாதிப் பேரு கோர்ட்லயே ஆங்ன்னுதான் சொல்றாங்க.

அதுக்கப்புறம் தண்டபாணியைக் கூப்பிட்டாங்க. இதுதாம்மா எனக்கு ஆறல. செத்துப்போன பொண்ணு கதைகூடக் கொஞ்சம் கொஞ்சமா ஆறும்போல இருக்குது, இது ஆறல. ஒரே மைக்ல எத்தனை வருஷம். அவரு பொண்ணு சடங்குக்கு நான் புடவை எடுத்துட்டுப் போயிருக்கேன். அந்த மனுஷன் என் முன்னாடியே நின்னு சொல்றாரு, "நான் ஏட்டம்மாகிட்ட வீட்டுக்காரர் பேர் கேட்டேன் ஐயா, விளையாடறேன்னு சொல்லி மைக்கை வச்சுட்டாங்க."

டி.எஸ்.பி. கேட்டாரு, "உங்களுக்கு மட்டும் எப்படி அந்தச் சந்தேகம் வந்துச்சு?"

அவரு என்னைப் பார்த்தாரு. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "எனக்கு அது பழகிப் போச்சுங்கய்யா"ன்னாரு. "என்ன பழகிப் போச்சு?"ன்னு கேட்டதுக்கு, "பேரை மாத்திக் கூப்பிடறதுங்கய்யா"ன்னாரு. அதோட நிறுத்திக்கிட்டாரு. என்னத்தைச் சொல்றாருன்னு எனக்குப் புரியவே இல்ல. என்னவோ நான் சொல்லிக் குடுத்த மாதிரி.

என் முறை வந்துச்சு. ஸ்டேட்மென்ட் எழுதணும். வழக்கமா கேக்கறதுதான், பேரு, வயசு, என்ன ரேங்க்கு. ரைட்டர் எழுதிட்டே வர்றாரு. "கணவர் பெயர்?"ன்னாரு.

நான் ரைட்டரைப் பார்த்து, "அந்தப் பேப்பரைக் குடுங்க, எழுதித் தரேன்"னேன்.

டி.எஸ்.பி. ஐயா அதுவரைக்கும் ஏதோ படிச்சிட்டு இருந்தாரு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு. திட்டல, அதட்டல. பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ரைட்டர்கிட்ட, "குடுங்க, எழுதட்டும்"ன்னாரு. நான் எழுதினேன். அவரு அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல. போதும், போகலாம்னுட்டாரு. நான் எவ்வளவு தயார் பண்ணிட்டுப் போயிருந்தேன், அந்தப் பெரியவரைக் காப்பாத்தினது, எஸ்.பி. மீட்டிங்ல சொன்னது, எல்லாம். ஒண்ணையும் கேக்கல. ஒரு மனுஷியை விசாரிக்காமலே தீர்ப்பு எழுதறது நியாயமா, நீயே சொல்லு. அப்பீல்ல அதைத்தான் முதல் பாயின்ட்டா எழுதியிருக்கேன்.

என் நாற்காலியில இப்ப ஒரு சின்னப் பொண்ணு உக்காந்திருக்குது. எடுத்ததும் "கணவர் பேர் என்ன? ஊர் பேரும் அதேதானா?"ன்னு எல்லாப் பொம்பளைங்களையும் கேக்குதாம். புது உத்தரவாம். பாவம், எத்தனை பேரு சங்கடப்படறாங்களோ.

இரு, அடுத்த ஸ்டாப்பிங் எனக்கு இறங்கறதுதான் போல. கருங்காலிப்பட்டு உள்ள போகுதாம், மெயின் ரோட்லேர்ந்து நடக்கணும். அவங்க வண்டி எடுத்துட்டு வந்து ஸ்டேஷன்ல விடறேன்னாங்க, நான் வந்ததும் போன் பண்ணச் சொன்னாங்க. முன்னாடியே வந்து இந்த ஊர்ல ஒரு பெயின்ட் கடையில வேலைக்குச் சேர்ந்துட்டாங்க, என்னைத் தனியா விட மனசில்லாம. தங்கமான மனுஷன். என் போன்ல சார்ஜ் சுத்தமா இல்ல. உன் போன்லேர்ந்து ஒண்ணு போடறியா? இந்தா நம்பர். இது கடை நம்பர்தான், அவங்க வேலை செய்யறப்ப செல்லைத் தொட மாட்டாங்க. ஏட்டம்மா வந்துட்டாங்க, வண்டி எடுத்துட்டு வரச் சொல்லுன்னு மட்டும் சொல்லு.

யாரு எடுத்தா என்ன, அவங்களைக் கூப்பிடச் சொல்லு.

யாரைன்னு கேக்கறாங்களா? அவங்களைத்தான். புதுசா சேர்ந்தவங்கன்னு சொல்லேன். ரெண்டு பேரு புதுசா? சரி, மலைக் கோயில் சாமி பேருன்னு சொல்லு. தண்டாயுதம் வச்சிருக்கும் இல்ல, அந்தச் சாமி. தெரியலன்றானா? என்ன கடைக்காரன் அவன். இரு இரு, வைக்கச் சொல்லாத. பையில ஆதார் கார்டு இருக்குது. இந்தா. அட்ரஸுக்கு மேல போட்டிருக்கும் பாரு, கணவர்னு. நீயே படிச்சுச் சொல்லிடும்மா.

என்னம்மா? ஏன் அப்படிப் பார்க்கற?

அந்த டி.எஸ்.பி.யும் இப்படித்தான் பார்த்தாரு.